இடது பக்க ஸ்பிரிங்

"கார் முன் சக்கரத்துக் காயில் ஸ்பிரிங் ரெண்டையும் மாத்திட்டேன்க்கா. எப்பவும் ஓட்டுறவர் பக்கம்தான் அமுங்கும். இதுல இடது பக்கம் அமுங்கியிருந்துது. சார்கூட கனமான ஆள் யாராவது தினமும் வர்றாங்களா?" என்றான் மெக்கானிக் ராஜ்கமல்.

கலைமதிக்குச் சுருக்கென்றது. தினமும் தனியாகத்தான் உப்பளத்துக்குப் போவதாகக் கணவர் தட்சணாமூர்த்தி சொல்லியிருந்தார். பழைய காரை வேகமாக வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

"கார்ல உங்ககூட யாரு வர்றது?"

"யாருமில்ல."

"தெருமுனையில ஒரு பொண்ணு ஏறுறதைப் பாத்ததாப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னப்போ நான் நம்பல."

அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"வாங்க, இப்பவே உப்பளத்துக்குப் போவோம். நீங்களே ஓட்டுங்க." சாவியை நீட்டினாள்.

அவர் கை சாவிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் துழாவியது.

"ஒரு வருஷமா கண்ணு மங்கிட்டே வருது, கலை. தெருமுனையிலேர்ந்து நம்ம உப்பளத்துல வேலை செய்யற பூங்குழலிதான் ஓட்டுறா. இடது பக்கம் உக்கார்ற கனமான ஆள் நான்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உப்பளத்தை வித்துடச் சொல்லுவியோன்னு பயந்தேன்."

கலைமதி அவர் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனாள்.

"முதல்ல கண் ஆஸ்பத்திரி. நான் ஓட்டுறேன்."