ஒரே இழுப்பில்

“சாரணர் படைல பொட்டப் புள்ளைங்களா? நல்ல கூத்து!” என்று சிரித்தார் சாரண ஆசிரியர். வரிசையில் நின்ற பையன்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

“சேர்த்துக்கச் சொல்லி மேலிடத்துலயே உத்தரவு வந்தாச்சு, சார்” என்றாள் எதிரில் நின்ற சிறுமி.

“மேலிடத்துக்கென்ன, சொல்லிட்டுப் போயிடும். கொடிக்கு முடிச்சுப் போடத் தெரியுமா? ஒரே இழுப்புல அவிழணும்.”

“தெரியும், சார். அம்மா சொல்லிக் குடுத்தாங்க.”

“அம்மாவா? அடுப்பு மூட்டறதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்? போ, போ!”

அன்று மாலையே சிறுமி அந்த வார்த்தையை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தாள். அம்மா அடுப்பு மூட்டப் போனாள்.

மறுநாள் படையின் ஆண்டுவிழா. ஆசிரியர் வழக்கம்போல் மடித்துக் கட்டி எடுத்துவந்த கொடியைக் கம்பத்தில் ஏற்றினார். மாவட்ட ஆணையர் கயிற்றை இழுத்தார். கொடி பொட்டலமாகவே நின்றது. மறுபடி இழுத்தார். பொட்டலம் ஆடியதே தவிர அவிழவில்லை.

“இறக்கிச் சரியாக் கட்டுங்க, மாஸ்டர்.”

ஆசிரியர் இறக்கினார். எப்படிச் சுற்றினாலும் முடிச்சு விழவில்லை, வியர்வைதான் விழுந்தது. வேலியோரம் நின்றிருந்த சிறுமி வந்து கொடியை வாங்கிக் கட்டினாள். இந்தமுறை ஒரே இழுப்பில் கொடி விரிந்து பறந்தது.

“பலே! யாரும்மா கத்துக் குடுத்தது?” என்றார் ஆணையர்.

“எங்கம்மா, சார். இந்தக் கொடியை வருஷாவருஷம் கட்டிக் குடுக்கறதே அவங்கதான். நேத்து மட்டும் வேணும்னே இறுக்கிக் கட்டிட்டாங்க.”

“யாருக்குக் கட்டிக் குடுப்பாங்க?”

மைதானத்தில் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. சிறுமி ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, நீங்களே சொல்லிடுங்க.”