பிறந்த வேகம்

“சார், என்னைப் பிறந்த வேகத்துலயே வேலை செய்ய விடுங்க.”

எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சேர்ந்த அன்றே செங்கொடியிடம் சொல்லியிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஜெபராஜ், மூளையின் வேகத்தைக் கூட்ட அவள் பிடரியில் பதித்த சிப்பின் சூட்டைத் திரையில் பார்த்தார்.

“இன்னைக்குச் சூடே ஏறலியேம்மா! வேலையிலயும் ஒரு பிழை இல்ல. உன்னை இன்னும் ஒரு படி ஏத்தலாம்னு இருக்கேன், நீ இறங்கணும்கிற. என்ன குறை?”

“எங்கம்மா, ‘கொடி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்’னு ஆரம்பிப்பாங்க. முடிக்கிறதுக்குள்ள நானே ஊகிச்சு, ‘கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சு’ன்னுடுவேன். சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. இப்ப ஆரம்பிக்கிறதே இல்ல. அந்த ‘ஒண்ணு’ என்னன்னு எனக்குத் தெரியணும் சார்.”

“இதுக்கா? உங்க வம்சத்துலயே முதல் பட்டதாரி நீ. வேகத்தைக் குறைச்சா இங்க வேலை கிடையாது. நல்லா யோசிச்சுக்கோ.”

அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“நீங்க பேசினப்ப ஒரு தடவையாவது குறுக்க விழுந்தேனா?”

ஜெபராஜ் யோசித்தார். “இல்ல.”

“காலையிலயே வேகத்தை நானே இறக்கிட்டேன். சூடு ஏறாததும் அதனாலதான்.”

சிப்பின் சூட்டைத் தணிக்கக் கழுத்தில் கட்டியிருந்த குளிர்பட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, அம்மா என்னதான் சொல்லப்போகிறாள் என்று ஒருமுறைகூட ஊகிக்காமல், செங்கொடி வெளியே நடந்தாள்.