விளையாட்டுப் பக்கம்

“தோத்தவங்க பக்கம் சாமி இருக்காதாப்பா?” என்று மகள் ஒருநாள் கேட்டதை நினைத்தபடி மாயவன் சவரக் கத்தியைத் தீட்டுகிறான். வரதராஜன்பேட்டையில் அவனுடைய சலூன் கண்ணாடியில் காலை வெயில் கூசுகிறது. நான்கு ஆட்டமாகத் தோற்கும் ஊர் கால்பந்து அணியைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருப்பதை பெஞ்சில் உட்கார்ந்து மணிவேல் உரக்கப் படிக்கிறான்: “கோல்கீப்பர் அறிவரசன் கம்பத்தில் சாய்ந்து தூங்குகிறார்.” கன்னத்து நுரையோடு முருகையன் சீறுகிறார். “எழுதினவன வந்து ஒரு பந்து புடிக்கச் சொல்லு!” “அறிவு இதப் படிச்சா இனி ஆடவே வரமாட்டாண்ணே. பேப்பர் பாக்க இப்ப இங்கதான் வருவான்,” என்கிறான் மணிவேல். சவரம் முடிந்ததும் இருவரும் திட்டிக்கொண்டே படியிறங்குகிறார்கள். மாயவனின் மனைவி பிரசவத்தில் கிடந்தபோது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன் அறிவரசன். மாயவன் நன்றி சொல்வதைக் கேட்கக்கூட அவன் நிற்கவில்லை. ஆளில்லாத கடையில் மாயவன் அந்தப் பக்கத்தை உருவுகிறான். நுரை வழிக்கும் துண்டுகளாகக் கிழிக்கிறான். ‘தூங்குகிறார்’ என்ற வரியில் கத்தியை அழுந்தத் துடைக்கிறான்.