டிரைவர் படித்த அரபு

“அன்தி!” என்றார் டிரைவர், அரபு வாத்தியாரை நேராகச் சுட்டி.

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெண்ணிடம் சொல்ல வேண்டிய ‘நீ’யை மீசைக்கார வாத்தியாரிடம் சொன்னால் வேறென்ன செய்வார்கள்?

“யோவ்! ஆம்பளைன்னா அன்த, பொம்பளைன்னா அன்தி! மூணு வாரமா கத்துறேன், சுவத்துக்குக்கூட ஏறியிருக்கும்!”

“எனக்கு ஏறலையே சார்.”

“சரி, ‘நான்’னா என்ன?”

“ஹுவ.”

“அது ‘அவன்’யா! ‘நான்’னா அனா! உன்னையே நீ அவன்னு சொல்லிக்குவியா?”

மறுபடியும் சிரிப்பு. வாத்தியாருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அரபு நாட்டு வேலைக்குக் கம்பெனி பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தது. யாராக இருந்தாலும் இந்த வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமைத் தேர்வில் தவறினால் வேலை போச்சு.

“பக்கத்துல சமையல்காரம்மாவைப் பாரு. அஞ்சாங்கிளாஸ்தான். எப்படிப் படிக்கிறாங்க! நீ ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.”

வெள்ளிக்கிழமை அரபு அதிகாரி வந்தார். சமையல்காரம்மா அனா, அன்த, அன்தி என்று தடுமாறாமல் ஒப்பித்துப் பாஸானார்.

அடுத்து டிரைவர். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அதிகாரி ஒன்று கேட்க, டிரைவர் கடகடவென்று பத்து சொன்னார். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து அவர் தோளைத் தட்டினார். அரபு டிரைவருக்குத் தண்ணி பட்ட பாடு. வாத்தியாருக்கே பாதிதான் புரிந்தது.

வெளியே வந்ததும் டிரைவரை மடக்கினார்.

“எப்படிய்யா இது?”

“பதினாலு வருஷம் அங்கதானே சார் வண்டி ஓட்டினேன்.”

“அப்புறம் எதுக்கு அந்தக் கூத்து? என் மானத்தை வாங்கவா?”

டிரைவர் வாசல் பக்கம் பார்த்தார். “பாஸாயிட்டேன்டி!” என்று மகளிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார் சமையல்காரம்மா.

“முதல் நாள் அந்தம்மாதான் சார் உங்களை அன்தின்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இனிமே வரமாட்டேன்னு படிக்கட்டுல உக்காந்து அழுதாங்க. சிரிக்க வேற ஆள் கிடைச்சா அவங்களை விட்டுடுவாங்கல்ல?”

வாத்தியாருக்குக் கோபம் வந்தது.

“சே! படிக்க வந்தவங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா? யாருய்யா முதல்ல சிரிச்சது?”

டிரைவர் தலையைச் சொறிந்தார். பிறகு தயங்கித் தயங்கி விரலை நீட்டினார்.

“அன்த, சார்.”