முடிந்தது என்றது சர்வர்

"இன்னொரு தடவை திறந்து பாரும்மா," என்றார் அலுவலகத் தலைவர் பாக் ருஸ்மான்.

"எத்தனை தடவை திறந்தாலும் பூஜ்ஜியம்தான் ஐயா. பேரு இருக்கு, அளவு இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல."

விந்தார்தி திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆட்களோடு அறுந்து விழுந்த தொங்கு பாலம், விழுவதற்கு முன் எப்படியெல்லாம் ஆடியது என்று கருவிகள் பதிந்து வைத்த கோப்பு அது. வேறெங்கும் பிரதி இல்லை. பாலம் கட்டிய ஒப்பந்தக்காரருக்கு எதிராக நாளை செமாராங் நீதிமன்றத்தில் காட்டவிருந்த ஒரே சாட்சி.

காலையில் அதை சர்வரின் பூட்டு போட்ட பகுதிக்கு நகல் எடுத்தாள். கண் இமைப்பதற்குள் 'முடிந்தது' என்றது சர்வர். அது வாய் வார்த்தைதான். நினைவகத்தில் இருப்பது டிஸ்க்கில் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். 'எழுதிவிட்டாயா?' என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்துக் கேட்ட பிறகுதான் பழையதில் கை வைக்க வேண்டும். இடம் நிரம்பி வழிகிறது, சீக்கிரம் அழி என்று ஐயா அவசரப்படுத்தியதில் அதைக் கேட்காமலே பழைய கோப்பை அழித்தாள். "அழிச்சாச்சு ஐயா," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்து வாயை மூடுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

மின்வெட்டு இந்த ஊருக்குப் புதிதா என்ன? யூபிஎஸ் பேட்டரிதான் செத்து மாதக்கணக்காகிறது.

"புது பேட்டரி வாங்கித் தராதது என் தப்பும்மா. கோர்ட்ல நான் பேசிக்கறேன். உன் மேல ஒரு சொல் விழாது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த மனிதரின் பெருந்தன்மை அவளை இன்னும் குத்தியது.

"மகனைப் பறிகொடுத்த அம்மாகிட்ட, எல்லாம் பத்திரமா இருக்கு, வந்து பாருங்கன்னு சொல்லியிருக்கேன் ஐயா. எந்த மூஞ்சியோட அவங்க முன்னாடி நிப்பேன்?"

"எல்லாம் மேல இருக்கறவன் செயல். அழாம போய் ஏதாச்சும் சாப்பிடு."

கால் போன போக்கில் எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் 'இபு' என்று மரியாதையாக அழைக்கும் கடைக்கார யாத்மி, சோற்றின் மேல் டெம்பே என்ற சோயா வறுவலை வைத்தபடி சீண்டினாள்.

"என்னடி, மூஞ்சி வீங்கிக் கெடக்கு? பாத்த மாப்பிள்ளை ஓடிட்டானா?"

"காலையில கரண்ட் போச்சே இபு, அதோட என் பொழப்பும் போச்சு. செத்தவங்களுக்கு நியாயமும் போச்சு."

யாத்மி தட்டும் கையுமாக நின்றாள்.

"கரண்ட் எங்கடி போச்சு? என் கடை ஃபேன் நிக்கவே இல்லையே! உங்க ஐயாதானே வாசல் சுவத்துல இருக்கற மீட்டர் சுவிட்சைக் கீழ தட்டினாரு. ஏதோ வேலை நடக்குதாக்கும்னு நெனச்சேன். கூடவே அந்தப் பாலம் கட்டினவரும் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாரே!"