சிடி இங்கே தங்காது

"அந்த சிடியை மேஜை மேல வச்சிட்டுப் போம்மா. காசு கொடுத்தவன் நான்."

"முடியாது சார்" என்றாள் யெசேனியா. கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வந்த சிடியை உறையில் போட்டு, சட்டைப்பையில் செருகிப் பித்தானையும் மாட்டிக்கொண்டாள்.

ஃப்ரெஸ்னோ நகருக்கு வெளியே, உலர்திராட்சையைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனி அது. முதலாளி ஹைக் பெட்ரோசியான். சரக்கு நிர்வாகத்துக்கான சாஃப்ட்வேரை வருஷா வருஷம் இவள்தான் வந்து புதுசாகப் போட்டுவிட்டுப் போவாள். எப்போதும் கை நிறைய திராட்சை கொடுத்து அனுப்புகிற மனுஷர், இன்று காலையிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே புரோகிராம். இன்டர்நெட் ஒயர்ல வந்தா ஒரு விலை, சிடியில வந்தா ஒரு விலையா? பத்து காசு பிளாஸ்டிக்குக்கு என்னம்மா இவ்வளவு பந்தா?"

"விலை ஒண்ணுதான் சார், வரிதான் வேற. ஒயர்ல இறங்கினா கையில பொருள்னு எதுவும் வரல. வரி கிடையாது. உங்க இன்டர்நெட் நத்தை மாதிரி ஊருது, அதனால சிடியில கொண்டு வர்றோம். போட்டுட்டு நானே எடுத்துட்டுப் போயிட்டா அப்பவும் வரி இல்ல. இங்கயே விட்டுட்டா, மொத்த விலைக்கும் வரி. பதினாறாயிரம் டாலர்!"

"யாருக்குத் தெரியப் போகுது? காபிக் கோப்பைக்கு அடியில வச்சுக்கறேன்."

"கோப்பைக்கு அடியில இருந்தாலும் வரிதான். போன வருஷமும் எடுத்துட்டுத்தானே போனேன்? அப்ப சும்மா இருந்தீங்களே!"

"இப்ப வேணும்!"

யெசேனியாவுக்கு, கூட வேலை பார்த்த டெரன்ஸ் ஞாபகம் வந்தான். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் கெஞ்சினார் என்று சிடியை விட்டுவிட்டு வந்தவன். மறுநாளே அவன் மேஜை காலி.

ஹைக் மேஜையை ஓங்கித் தட்டினார். "வாயைத் திறந்து சத்தமா சொல்லு. தருவியா, மாட்டியா?"

"தரமாட்டேன்!"

"அப்ப உன் புரோகிராமையும் கழட்டிட்டுப் போ! நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்."

அவள் ஆபீசுக்கு இவர்தான் பெரிய வாடிக்கை. இவர் போனாலும் வேலை போகும், சிடியை விட்டாலும் வேலை போகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி சார், அழிச்சிடறேன். ஆனா சிடி என்னோடதான் வரும்."

அவள் விரல் விசைப்பலகையைத் தொடும்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, கையில் ஃபைலுடன் வெளியே வந்தாள்.

"போதும் மிஸ்டர் பெட்ரோசியான். எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். போன வருஷத்துக்கு அனுப்பின வரி நோட்டீசை வாபஸ் வாங்கிக்கறோம்."

ஹைக் ஒரே தாவலாகத் தாவி யெசேனியாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"தாயே, அழிச்சுத் தொலைச்சிடாதே! போன வருஷம் சிடி இங்க தங்கலன்னு மூணு நாளா தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன், வரி ஆபீஸ் அம்மா நம்பல. நானே கெஞ்சினாலும் மிரட்டினாலும் நீ தரமாட்டேன்னு அவங்க காதாலயே கேக்கட்டும்னுதான் உள்ள உக்கார வச்சேன்!"