ஆறாவது கதவு

"கதவத் தொறங்க! புள்ளைக்கு அடிபட்டிருக்கு!"

ராஹிலா ஒரு கையால் நஜ்லாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவை ஓங்கித் தட்டினாள்.

நஜ்லாவுக்கு ஐந்து வயது. வலது முழங்கை வீங்கி, வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. ராஹிலா அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்தக் கைக்கு அடியில் வைத்துத் துப்பட்டியால் கட்டியிருந்தாள். இடது கையில் ஒரு சிவப்பு ரிப்பன். எவ்வளவு சொல்லியும் பிள்ளை அதை விடவில்லை.

அடிபட்ட கையின் விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. விரல் வெளுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, ரத்தம் ஓடாவிட்டால் கையே போய்விடும் என்று ஆம்புலன்ஸ்காரர் போனில் சொல்லியிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் அடுத்த தெருவில் நின்றது.

இந்தத் தெருவில் இரண்டு பேருக்குக் கொரோனா என்று இரு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். கொரோனாவுக்குத் தகரம் ஏறத் தெரியாது என்று யாரோ மேலிடத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைத் திறக்க ஆள் வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

ஒரு மணி நேரமெல்லாம் ராஹிலா காத்திருக்கத் தயாராக இல்லை.

நல்லவேளையாக, அந்த ஊரில் பெண்களுக்குத் தெருவே தேவையில்லை. ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து அடுத்த வீட்டுக் கொல்லைக்கு ஒரு கதவு இருக்கும். கல்யாண வீட்டுச் சட்டியிலிருந்து ஊர் வம்பு வரை எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். இடப்பக்கம் ஐந்து வீடு தாண்டினால் அடுத்த தெரு. ஆனால் ஊரடங்கு போட்ட நாளிலிருந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள்.

முதல் கதவு திறந்தது. திறந்தவள் நாலெட்டு பின்னால் ஓடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அல்லாவே! எப்படி விழுந்தா?"

ராஹிலா முற்றத்தைக் கடந்து இரண்டாவது கதவைத் தட்டினாள்.

இரண்டாவது வீட்டிலும் அதையே கேட்டார்கள். மூன்றாவதிலும் கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருந்தவர்கள் அவள் முதுகைத்தான் பார்த்தார்கள்.

நான்காவது வீட்டில் அதையே கேட்டுக்கொண்டு, அவள் மிதித்த இடத்தில் அவள் கண்ணெதிரேயே டெட்டால் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றட்டும். கதவைத் திறந்தார்களே, அது போதும்.

ஐந்தாவது கதவு திறக்கவில்லை.

"மாமாவுக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணி மூணு மாசம்தான் ஆவுது. தொறக்க மாட்டேன். கோவிச்சுக்கிடாத" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

நஜ்லா அழுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தாள்.

கத்தினால் இந்தக் கதவு திறக்காது என்று ராஹிலாவுக்குத் தெரியும். பலகையில் வாயை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க பயப்படுறது தப்பில்ல மாமி. நானும் உங்கள மாதிரி பயந்தவதான். மாமாவ மச்சுக்கு அனுப்புங்க. தாழ எடுத்துட்டு நீங்களும் உள்ள போயிருங்க. நான் எதையும் தொடாமப் போறேன்."

படியில் யாரோ மெல்ல ஏறும் ஓசை கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மாமியும் அதையேதான் கேட்டாள். ராஹிலா அதற்குள் தெருவாசலைத் தாண்டியிருந்தாள்.

ஆம்புலன்ஸில் இருந்தவனுக்கு உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. மார்பில் பேனாவால் 'செந்தூர்பாண்டி' என்று எழுதியிருந்தது. அவன் கட்டைத் தளர்த்தி, மடங்கிய கையைக் கொஞ்சம் நீட்டி வைத்தான். நஜ்லா அலறினாள். விரல் நகத்தை அமுக்கிவிட்டுப் பார்த்தான். வெளுத்த நகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"ரத்தம் ஓடுது. இப்பவே போனா கையக் காப்பாத்திரலாம். ஆனா கூட வாரவங்களுக்குப் பதினாலு நாள் தனிமைங்க. வீட்டுக்குத் திரும்ப முடியாது, பரவாயில்லையா?"

ராஹிலா ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி தூத்துக்குடி போகும் வழியில் சாகுபுரம் தாண்டும்போது அவன் படிவத்தை எடுத்தான்.

"நீங்க உம்மாவா?"

"இல்ல, பக்கத்து வீடு. இவ உம்மா பாஹிமா தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலதான் நர்சு. கொரோனா வார்டு. வீட்டுக்கு வந்து இருபது நாளாச்சு. வீட்டுல இருக்கிற அவ தங்கச்சிக்கு இது நிறைமாசம். அதான் நான் வாரேன்."

செந்தூர்பாண்டி ஒரு நொடி பேனாவை நிறுத்தினான்.

"புள்ள எப்படி விழுந்தா?"

இது ஆறாவது தடவை.

ராஹிலா நஜ்லாவின் தலையைப் பார்த்தாள். பின்னாத தலை. பிறகு அந்த ரிப்பனைப் பார்த்தாள்.

"உம்மா டூட்டிக்குப் போயிருவா. காலையில தலை பின்ன இவ எங்கிட்டதான் வருவா. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுலயும் ஒரு கதவு இருக்கு. பாஹிமாவ அந்த வார்டுல போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே அதுல ஆணி அடிச்சுட்டேன். நாலு ஆணி. இன்னைக்கு இவ மதில் ஏறி வந்துட்டா."

அவன் எழுதினான்.

ராஹிலா எட்டிப் பார்த்தாள். 'மதிலிலிருந்து விழுந்தது' என்று மட்டும் இருந்தது.

"ஆணிய எழுதலையே தம்பி" என்றாள். "அதையும் எழுதுங்க. இவ உம்மா வாசிக்கணும்."